சரக்குக்கு இல்லாத எல்லை ஆளுக்கு மட்டும் ஏன்?

2025 நவம்பர் மாதத்தில் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகும் தமிழ்நாட்டு ஆம்னி பஸ்கள் ஓடாமல் நின்றன. வரி கட்டவில்லை என்று அண்டை ராஜ்யங்களின் போக்குவரத்து அதிகாரிகள் வண்டிகளைப் பிடித்தார்கள், அபராதம் போட்டார்கள். அகில இந்திய பெர்மிட் வாங்கியிருக்கிறோம், மத்திய சர்க்காரிடம் பணம் கட்டியாகிவிட்டது, மறுபடியும் எதற்கு வரி என்று பஸ் முதலாளிகள் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஓட்டத்தை நிறுத்தினார்கள். பத்திரிகைகளில் அது பெரிய செய்தி ஆயிற்று.

மெத்தை போட்ட பஸ் நின்றால் செய்தி. கோவை உக்கடத்தில் பாலக்காட்டு பஸ்ஸுக்குள் முண்டியடித்து ஏறி வழி முழுவதும் நின்றுகொண்டே போகிற கொத்தனாரைப் பற்றி ஒரு வரி உண்டா? இலவச டவுன் பஸ் எல்லையோடு முடிந்துபோக, அங்கே இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காசு எண்ணுகிற பெண்ணைப் பற்றி ஒரு வரி உண்டா? அவர்கள் இரண்டு ராஜ்யங்களின் கணக்கிலும் இல்லை. அவர்களைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

மங்கலத்தில் தறி ஓட்டுகிற தோழருக்கும், தோட்டத்தில் களை வெட்டுகிற அம்மாவுக்கும் இது எங்கோ எல்லையில் நடக்கிற சண்டை என்று தோன்றலாம். அப்படியல்ல. நம் ஊர்த் தறியில் ஏறுகிற நூலின் பஞ்சு குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைந்தது. திருப்பூரில் தைத்த பனியன் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் கொச்சித் துறைமுகத்துக்கும் போகிறது. அதைத் தைக்கிற கையோ ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த கை. தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த கை. பஞ்சும் எல்லை தாண்டுகிறது, பனியனும் எல்லை தாண்டுகிறது, ஆளும் எல்லை தாண்டுகிறான். ஆனால் மூன்றுக்கும் ஒரே நியாயம் இல்லை.

வாளையாறு சோதனைச் சாவடியை நினைத்துப் பாருங்கள். 2017-க்கு முன்னால் அங்கே லாரிகள் மைல் கணக்கில் வரிசையில் நின்றன. டிரைவரும் கிளீனரும் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கினார்கள். அது முதலாளிகளுக்கு நஷ்டம். ஆகவே 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தவுடன் வணிக வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. இந்த வரியினால் சிறிய விசைத்தறிக்காரனும் ஜாப் ஒர்க் செய்கிறவனும் பட்ட பாட்டை இந்த வட்டாரத்துக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே சொல்ல வருவது வேறு. எல்லா ராஜ்ய சர்க்கார்களும் மத்திய சர்க்காரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, கவுன்சில் ஒன்று அமைத்து, கூடிக் கூடிப் பேசி, சரக்குக்கு இருந்த தடையை எடுத்தார்கள். சரக்குக்காக உட்கார முடிந்தது. ஆளுக்காக அப்படி ஒரு தடவை உட்கார்ந்தார்களா?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தொழிலாளி இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது; முதலாளிக்கு இது மனப்பாடம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 88-வது பிரிவு. ஒரு ராஜ்யத்தில் கொடுத்த பெர்மிட் அடுத்த ராஜ்யத்தில் செல்லாது. அந்த ராஜ்யத்தின் போக்குவரத்து ஆணையமும் மேலொப்பம் போட வேண்டும். இந்த வழியில் இத்தனை பஸ் உன்னுடையது, இத்தனை பஸ் என்னுடையது என்று இரண்டு சர்க்கார்களும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். உன் பஸ் என் மண்ணில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறதோ, என் பஸ்ஸும் உன் மண்ணில் ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பதுதான் இந்த ஒப்பந்தங்களின் அடிப்படைக் கணக்கு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற மாதிரி கிலோமீட்டரைப் பிரிக்கிறார்கள்.

பாகம் பிரிப்பதில் தவறு சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் கிலோமீட்டர் இருக்கிறது, வரி இருக்கிறது, பயணி இல்லை. காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவனுக்கு எத்தனை பஸ் வேண்டும், இரவு ஷிப்டு முடிந்து வருகிறவளுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று யார் கேட்டார்கள்?

இந்த ஓட்டையில்தான் ஆம்னி பஸ் முதலாளி நுழைகிறான். மத்திய சர்க்கார் 2021-ல் ஒரு விதியும், 2023-ல் அதைத் திருத்தி இன்னொரு விதியும் கொண்டுவந்து, சுற்றுலா வண்டிகளுக்கு அகில இந்திய பெர்மிட் என்று கொடுத்தது. மத்திய சர்க்காரிடம் பணம் கட்டினால் போதும், நாடு முழுவதும் ஓடலாம். சுற்றுலாவுக்கு வந்த பெர்மிட்டை வைத்துக்கொண்டு தினந்தோறும் ஒரே ஊருக்கு, ஒரே நேரத்தில், ஆளுக்கு ஆள் டிக்கெட் போட்டு ஓட்டினால் அது சுற்றுலாவா? 2023 நவம்பரில் பத்தனம்திட்டாவிலிருந்து கோவைக்கு இந்த பெர்மிட்டில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸைக் கேரளத்தில் வழிநெடுக மறித்து அபராதம் போட்டார்கள். கோவைக்கு வந்ததும் தமிழ்நாட்டு அதிகாரிகளும் பிடித்தார்கள். பஸ் முதலாளியைச் சில பத்திரிகைகள் வீரனாக்கிவிட்டன! 2024 ஜூனில் வெளிராஜ்யப் பதிவெண் கொண்ட ஆம்னி பஸ்கள் தமிழ்நாட்டுக்குள் ஓடக்கூடாது என்று நம் சர்க்கார் தடுத்தது. அவற்றில் பலவற்றுக்கு நாகாலாந்துப் பதிவெண். நாகாலாந்து மண்ணை அந்த டயர்கள் ஒரு நாளாவது தொட்டிருக்குமா? அங்கே வரி குறைவு, அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே 2025 நவம்பர் சண்டையில் முதலாளிகள் பக்கம் நியாயம் இருப்பதாக நாம் நினைக்கவில்லை. அதற்காக மூன்று ராஜ்ய சர்க்கார்களும் செய்தது சரி என்றும் சொல்ல மாட்டோம். நீ என் பஸ்ஸுக்கு அபராதம் போட்டால் நான் உன் பஸ்ஸுக்குப் போடுகிறேன் என்பது சர்க்கார் நடத்துகிற முறையல்ல. மூன்று சர்க்கார்களும் சேர்ந்து டில்லியில் போய், இந்த விதி எங்கள் போக்குவரத்துக் கழகங்களைக் கொல்கிறது, மாற்று என்று ஒரே குரலில் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் எல்லையில் ஒருவர் வண்டியை ஒருவர் மறித்தால் டில்லிக்கு என்ன நஷ்டம்? பெர்மிட் பணம் அதன் கைவழியாகப் போகிறது.

அரசு பஸ் என்பது யாரும் இனாமாகத் தந்த சொத்தல்ல. தனியார் பஸ் முதலாளிகள் இந்தக் கொங்குச் சீமையில் ராஜாங்கம் நடத்திய காலம் ஒன்று இருந்தது. 1972-ல் சேரன் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகுதான் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் வேலைக்கு ஒரு நிச்சயம் கிடைத்தது. வருமானம் இல்லாத குக்கிராமத்துக்கும் பஸ் போயிற்று. கேரளத்தில் போக்குவரத்துக் கழகம் 1965-ல் அமைந்தது. இரண்டு கழகங்களும் நம்முடையவை. கேரளத்துக் கழகத்துக்கும் கர்நாடகத்துக் கழகத்துக்கும் கே.எஸ்.ஆர்.டி.சி. என்ற ஐந்து எழுத்து யாருக்குச் சொந்தம் என்று வருஷக்கணக்கில் வழக்கு நடந்து, 2023 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட் கர்நாடகமும் அதை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. எழுத்துக்கு வக்கீல் வைத்த நேரத்தில் இரண்டு கழகங்களும் நான்கு பஸ்ஸைச் சேர்ந்து ஓட்டியிருக்கலாம்.

இனி நம் பெண்களின் விஷயத்துக்கு வருவோம். 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கர்நாடகத்தில் 2023 ஜூனிலும், தெலங்கானாவில் அதே ஆண்டு டிசம்பரிலும், ஆந்திரத்தில் 2025 ஆகஸ்டிலும் இதைப் போன்ற திட்டங்கள் வந்தன. நல்ல காரியம். எந்த சர்க்கார் செய்தாலும் நல்ல காரியம் நல்ல காரியம்தான். பனியன் கம்பெனியில் கைமடிப்புக்கும் பிசிறு வெட்டவும் போகிற பெண்ணின் சம்பளத்தில் பஸ் காசு மிச்சமானால் வீட்டுக்குப் பால் வாங்கலாம். ஆனால் நான்கு ராஜ்யங்களிலும் இந்தச் சலுகை எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது.

மங்கலத்தில் பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிற ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு பாலக்காட்டுச் சீமையில், சித்தூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அப்படி எத்தனையோ பேர். தமிழ் பேசுகிற ஊர்கள் அங்கே நிறைய. மங்கலத்திலிருந்து திருப்பூருக்கு டவுன் பஸ்ஸில் காசில்லாமல் வருகிறாள். அங்கிருந்து கோவைக்கு மொபசல் பஸ், காசு. கோவையில் டவுன் பஸ் ஏறி உக்கடம், காசில்லை. உக்கடத்தில் ஏறுகிற பஸ் வாளையாறு வரை ஒரு ராஜ்யத்தின் கட்டணம், வாளையாறு தாண்டினால் இன்னொரு ராஜ்யத்தின் கட்டணம். தமிழ்நாட்டில் சாதாரண மொபசல் பஸ்ஸுக்கு 2018-ல் நிர்ணயித்த கட்டணம் கிலோமீட்டருக்கு 58 காசு. கேரளத்தில் 2022-ல் நிர்ணயித்தது ஒரு ரூபாய். கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான் தூரம். அந்த ஐம்பது கிலோமீட்டருக்குள் சலுகை மாறுகிறது, கட்டணம் மாறுகிறது. அவளுடைய கூலி மட்டும் மாறுவதில்லை.

2019-ல் மத்திய சர்க்கார் ஒரு அட்டையைக் கொண்டுவந்தது. பணம் போட்டு வைத்தால் எந்த ஊர் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் தேய்க்கலாம் என்ற பொது அட்டை. காசு கொடுக்கிறவனின் அட்டைக்கு நாடு முழுவதும் ஒன்று என்று யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு, சலுகைக்கும் அப்படி ஒரு அட்டை யோசிக்கத் தெரியாமலா போயிற்று?

ஆனைகட்டிக்குப் போய்ப் பாருங்கள். ஓடைக்கு இக்கரையில் ஆனைகட்டி தமிழ்நாடு, அக்கரையில் ஆனைகட்டி கேரளம். அட்டப்பாடி மலையின் ஆதிவாசி மக்களுக்கு வைத்தியம் என்றாலும் சந்தை என்றாலும் கோவைதான் பக்கம். உடம்புக்கு முடியாதவளை ஓடையின் நடுவில் நிறுத்தி நீ எந்த ராஜ்யம் என்று கேட்பதா?

இந்த இடத்தில் சிலர் விஷமப் பேச்சுப் பேசுவார்கள். மொழிவழி ராஜ்யம் கேட்டது நீங்கள்தானே, எல்லை வந்துவிட்டது என்று இப்போது ஏன் அழுகிறீர்கள் என்பார்கள். ஆம், கேட்டோம். 1956 நவம்பர் 1-ம் தேதி வரை பாலக்காடு சேர்ந்த மலபார் ஜில்லா சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தது. கொள்ளேகால் தாலுகா நம் கோவை ஜில்லாவில் இருந்தது; அன்றுதான் மைசூருக்குப் போயிற்று. மலையாளிக்கு மலையாளத்தில் சர்க்கார், தமிழனுக்குத் தமிழில் சர்க்கார், கன்னடியனுக்குக் கன்னடத்தில் சர்க்கார் வேண்டும், கச்சேரியிலும் கோர்ட்டிலும் ஏழையின் பாஷை ஏற வேண்டும் என்று போராடினோம். அந்தக் கோரிக்கை இன்றைக்கும் சரிதான். மொழிக்கு வீடு கட்டச் சொன்னோமே தவிர, வீட்டுக்கு வீடு வழி அடைக்கச் சொல்லவில்லை. 1862-ல் வெள்ளைக்காரன் பஞ்சையும் மிளகையும் ஏற்றுவதற்காகப் போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயில் ரயில் பாதை போட்டான். அந்தப் பாதையில் இரண்டு பக்கத்து உழைப்பாளிகளும் அன்று முதல் இன்று வரை போய் வருகிறார்கள். அவர்களைப் பிரிப்பதற்காக ராஜ்யம் அமைக்கவில்லை.

கேரளத்தில் 2016-லும் 2021-லும் ஜனங்கள் இடதுசாரி முன்னணியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே எத்தனையோ நல்ல காரியங்கள் நடந்தன. வாளையாறு விஷயத்தில் மட்டும் அந்த மந்திரி சபையும் பெர்மிட் கணக்கையும் வரிக் கணக்கையும் தாண்டி வரவில்லை. இதைச் சொல்லாமல் தமிழ்நாட்டு சர்க்காரை மட்டும் சாடினால் படிக்கிற தொழிலாளி நம்மை நம்ப மாட்டான்.

ரயில் விஷயம் இதைவிட மோசம். ரயில் டில்லியின் கையில் இருக்கிறது; இரண்டு ராஜ்யங்களும் தனித்தனியாகக் கெஞ்சுகின்றன. 2007 நவம்பரில் பாலக்காட்டுக் கோட்டத்தையும் திருச்சிக் கோட்டத்தையும் வெட்டிச் சேலம் கோட்டம் அமைத்தார்கள். கேரளத்தில் கண்டனம், தமிழ்நாட்டில் கொண்டாட்டம். திருப்பூர் ஸ்டேஷன் எந்தக் கோட்டத்தின் கீழ் வருகிறது என்பதற்கு இரண்டு பக்கத்துத் தலைவர்களும் கொடி பிடித்தார்கள். அந்த ஸ்டேஷனில் தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ்ஸின் பொதுப் பெட்டிக்குள் கால் வைக்க இடமில்லாமல் கழிப்பறைப் பக்கம் குந்திக்கொண்டு இரண்டு நாள் பிரயாணம் செய்கிற ஜார்க்கண்டுத் தொழிலாளிக்காக யார் கொடி பிடித்தார்கள்? கேரளத்து எஸ்டேட்டுக்கும் கட்டட வேலைக்கும் போகிறவனும் அதே பெட்டி, திருப்பூருக்கு வருகிறவனும் அதே பெட்டி. இரண்டு ராஜ்யங்களின் முதலாளிகளுக்கும் அவன் வேண்டும். இரண்டு சர்க்கார்களும் சேர்ந்து இன்னும் நான்கு பொதுப் பெட்டி கேட்டால் என்ன?

கொரோனாக் காலத்தில் பாசஞ்சர் ரயில்களை நிறுத்தினார்கள். மறுபடியும் விட்டபோது ஸ்பெஷல் என்று பெயர் வைத்து, பத்து ரூபாய் குறைந்தபட்சக் கட்டணத்தை முப்பது ரூபாய் ஆக்கினார்கள். ரயிலும் அதே ரயில், தண்டவாளமும் அதே தண்டவாளம். 2024 பிப்ரவரி கடைசியில்தான், தேர்தல் நெருங்கிய வேளையில், பழைய கட்டணம் திரும்பி வந்தது. ஈரோட்டிலிருந்து திருப்பூர், கோவை வழியாகப் பாலக்காட்டுக்குப் போகிற மெமு ரயிலில் ஏறுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த இருபது ரூபாய் அவர்களுக்கு என்ன என்று சொல்வார்கள். பொள்ளாச்சி–பாலக்காடு பாதை 1932-ல் போட்டது. அகலப் பாதைக்காக மூடி, பல வருஷம் கழித்து 2015-ல் திறந்தார்கள். மீட்டர் கேஜில் ஓடிய பாசஞ்சர் ரயில்கள் பலவும் போனவை போனவைதான். 2025-ல் அமிர்தா எக்ஸ்பிரஸ்ஸை ராமேஸ்வரம் வரை நீட்டினார்கள், சந்தோஷம். அது இரவில் போகிற ரயில். காலையில் வேலைக்குப் போகிறவனுக்கு அதனால் என்ன பிரயோசனம்?

பெரிய மனிதர்கள் இப்போது சுற்றுச்சூழல், பசுமைப் போக்குவரத்து என்று மாநாடு கூட்டிப் பேசுகிறார்கள். நம் தோழர்களில் சிலர் இது வயிறு நிறைந்தவன் பேச்சு என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்கக் கூடாது. நொய்யல் கரையில் இருக்கிற மங்கலத்துக்காரர்களுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சாயத் தண்ணீரை ஆற்றில் விட்டது முதலாளி. வருஷக்கணக்கில் கண்ணை மூடிக்கொண்டது சர்க்கார். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலையிழந்து தெருவில் நின்றது தொழிலாளி. கெட்டுப்போன கிணற்றைப் பார்த்து நின்றது விவசாயி. சர்க்கார்கள் காலத்தில் உட்கார்ந்து பேசாவிட்டால் கடைசியில் கோர்ட் பூட்டுப் போடும். பூட்டின் கனம் ஏழையின் தலையில்தான் இறங்கும்.

சாலையிலும் அதுதான் நடக்கிறது. பந்திப்பூர்க் காட்டுக்குள் கர்நாடகத்திலிருந்து கேரளத்துக்கும் நீலகிரிக்கும் போகும் சாலைகளில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. சத்தியமங்கலம் காட்டில் திம்பம் மலைச் சாலையில் 2022 பிப்ரவரியில் ஹைகோர்ட் உத்தரவுப்படி இரவுத் தடையை அமல் செய்தார்கள். வண்டியில் அடிபட்டு மானும் சிறுத்தையும் சாவதைத் தடுக்கத்தான் வேண்டும். அதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் தாளவாடி மலையில் காய்கறி விளைவிக்கிறவன் அந்தி நேரத்தில் மூட்டை கட்டி இரவில் ஏற்றினால்தான் விடியற்காலைச் சந்தையைப் பிடிக்க முடியும். அவனுக்கு மாற்று வழி என்ன என்று இரண்டு ராஜ்யங்களும் சேர்ந்து யோசித்தனவா? தடை வந்தது, ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், அதற்குப் பிறகுதான் உள்ளூர்க்காரர்களின் நினைவே வந்தது.

மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் நடுவே ரயில் பாதை யானைக் காட்டுக்குள் போகிறது. 2021 நவம்பர் 26-ம் தேதி இரவு, நவக்கரை அருகே மங்களூர்–சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. அடுத்து நடந்ததுதான் வெட்கக்கேடு. ரயிலின் வேகம் என்ன என்று விசாரிக்கப் பாலக்காட்டுக்குப் போன தமிழ்நாட்டு வனத்துறைக்காரர்களை ரயில்வே போலீசார் அங்கே தடுத்து வைத்தார்கள். இங்கே இன்ஜின் டிரைவர்களை வனத்துறை விசாரணைக்குப் பிடித்து வைத்திருந்தது. செத்த யானை தண்டவாளத்து ஓரத்தில் கிடக்க, உயிரோடு இருக்கிற இரண்டு இலாகாக்கள் ஒன்றையொன்று சிறைபிடித்த கதை இது. இரவு முழுவதும் கண் விழித்து வண்டி ஓட்டுகிற டிரைவர், வேகத்தைத் தீர்மானிக்கிறவனா? டைம்டேபிள் போடுகிறவன் தீர்மானிக்கிறான். பிறகு 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் கோபுரங்கள் நட்டு, காமிராவில் யானையைக் கண்டதும் ரயில்வேக்குத் தகவல் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். வனத்துறையும் ரயில்வேயும் சேர்ந்தால் காரியம் நடக்கிறது என்பதற்கு நம் கண்ணெதிரே இருக்கிற சாட்சி அது.

ஓசூர் விஷயம் இன்னொன்று. பெங்களூர் மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூர் சுமார் 23 கிலோமீட்டர். தினந்தோறும் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் புகையைக் குடித்துக்கொண்டு எல்லை தாண்டுகிறார்கள். மெட்ரோவை நீட்ட வேண்டும் என்று தமிழ்நாடு கேட்டு ஆய்வும் செய்தது. 2025-ல் பெங்களூர்த் தரப்பு முடியாது என்றது. காரணம்? பெங்களூர் மெட்ரோவுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் பக்கத்தில் ஓடுகிற மூன்றாவது கம்பியில், 750 வோல்ட். தமிழ்நாடு திட்டமிட்டது மேலே ஓடுகிற கம்பியில், 25,000 வோல்ட். இரண்டும் ஒரே ரயிலில் சேராது. திட்டம் போடுவதற்கு முன்பே இரண்டு ராஜ்யத்து இன்ஜினீயர்களும் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த வோல்ட் கதை வந்திருக்காது. ஓசூர் வளர்ந்தால் பெங்களூருக்கு நஷ்டம் என்று கூச்சல் போட்டவர்களும் உண்டு. ஓசூர்த் தொழிலாளி புகையைக் குடித்தால் பெங்களூருக்கு என்ன லாபம்?

முடியாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரான்சு தேசமும் ஜெர்மனியும் 1870-ல் சண்டை போட்டன, 1914-ல் போட்டன, 1939-ல் போட்டன. லட்சோப லட்சம் தொழிலாளிகளும் விவசாயிகளும் மடிந்தார்கள். இன்றைக்கு பிரான்சின் ஸ்டிராஸ்பர்க் நகரத்தில் ஏறினால் டிராம் வண்டி ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ஊரில் போய் நிற்கிறது. 2017 முதல் ஓடுகிறது. மூன்று யுத்தம் செய்தவர்கள் ஒரு டிராம் விடுகிறார்கள். அங்கேயும் முதலாளித்துவ சர்க்கார்தான், சொர்க்கம் ஒன்றுமில்லை. ஆனாலும் விடுகிறார்கள். ஒரே நாட்டுக்குள், ஒரு யுத்தமும் செய்யாத கோவையும் பாலக்காடும் என்ன செய்கின்றன?

நம் நாட்டிலேயே டில்லியைச் சுற்றி ஒரு ஏற்பாடு இருக்கிறது. மத்திய சர்க்கார் பாதிப் பங்கு. டில்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் நான்கும் ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு. இப்படி ஒரு கூட்டுக் கம்பெனி அமைத்து ராஜ்ய எல்லை தாண்டும் ரயில் போடுகிறார்கள். முதல் பகுதி 2023 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. டில்லி சர்க்கார் தன் பங்குப் பணத்தைத் தராமல் இழுத்தடித்து, அதே ஆண்டு நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் கண்டனம் வாங்கியது என்பதும் உண்மை. சண்டை போட்டுக்கொண்டேயானாலும் ரயில் ஓடுகிறது. டில்லியைச் சுற்றி நான்கு சர்க்கார்கள் சேரலாம், கணவாயின் இரண்டு பக்கமும் இரண்டு சர்க்கார்கள் சேரக்கூடாதா?

நாம் கோருவது வானத்து நிலவல்ல. தென் ராஜ்யங்களின் போக்குவரத்து மந்திரிகள் ஒரு மேஜையில் உட்கார வேண்டும். பஸ் தொழிலாளர் சங்கங்களும் அந்த மேஜையில் இருக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் முதல் பெரிய ஊர் வரை சாதாரண பஸ்ஸில் பெண்களின் இலவசப் பயணமும் மாணவர் பாஸும் இரண்டு பக்கமும் செல்ல வேண்டும். அதன் செலவை இரண்டு கஜானாக்களும் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொள்ளட்டும், கிலோமீட்டரைப் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய கணக்கல்ல. புதிதாகக் கொடுக்கிற பெர்மிட் அரசுக் கழகங்களுக்கே போக வேண்டும். மின்சார பஸ் வாங்குகிறார்கள். அதை நகரத்துக்குள் மட்டும் காட்சிப் பொருளாக ஓட்டாமல், உக்கடம்–பாலக்காடு போன்ற வழிகளில் இரண்டு கழகமும் சேர்ந்து ஓட்டட்டும், சார்ஜ் ஏற்றும் இடத்தைச் சேர்ந்து கட்டட்டும். கழகத்துக்குச் சொந்தமாக வாங்க வேண்டும். கான்டிராக்டுக்காரனிடம் வாடகைக்கு எடுத்து டிரைவரின் வேலையைப் பறிக்கக் கூடாது. சுற்றுலா பெர்மிட் விதியை மாற்றவும், ஈரோடு–பாலக்காடு பாதையில் காலையும் மாலையும் மெமு ரயில்களை அதிகப்படுத்தவும், நெடுந்தூர ரயில்களில் பொதுப் பெட்டி கூட்டவும் எல்லா ராஜ்யங்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு டில்லிக்கு அனுப்பட்டும்.

இதில் நம் சங்கங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அதே 88-வது பிரிவில் இன்னொரு விஷயமும் எழுதியிருக்கிறது. இரண்டு ராஜ்யங்கள் பஸ் ஒப்பந்தம் செய்துகொள்ள உத்தேசித்தால், அந்த உத்தேசத்தை கெஜட்டிலும் அந்த வட்டாரத்துப் பாஷைப் பத்திரிகையிலும் வெளியிட வேண்டும். குறைந்தது முப்பது நாள் அவகாசம் கொடுத்து, வருகிற மனுக்களைப் பரிசீலிக்க வேண்டும். முதலாளி சங்கங்கள் இந்த அறிவிப்புக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கின்றன, மனுவும் போடுகின்றன. ஒரு விசைத்தறித் தொழிலாளர் சங்கமோ, ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கமோ போட்டு நாம் கேள்விப்பட்டதில்லை.

மங்கலம், சோமனூர், பல்லடம், பொள்ளாச்சிக் கிளைகள் அறிவிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம். நம் ஆட்களில் யார் யார் எல்லை தாண்டிப் போய் வருகிறார்கள், எந்த நேரத்தில் பஸ் இல்லை, எந்த ஸ்டேஷனில் ரயில் நிற்காமல் போகிறது, மாதம் எத்தனை ரூபாய் பிரயாணத்துக்கே போகிறது என்று பெயரும் ஊரும் போட்டு எழுதி வாங்குங்கள். பனியன் கம்பெனி விடுகிற நேரத்தில் வாசலில் நின்று வெளிராஜ்யத் தோழர்களிடமும் கேளுங்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத வராது, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிரதி நம் ராஜ்யப் போக்குவரத்து ஆணையத்துக்கு, ஒரு பிரதி ரயில்வேயின் சேலம் கோட்ட ஆபீசுக்கு. இன்னொரு பிரதியைப் பாலக்காட்டுச் சங்கத் தோழர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் எழுதி வாங்கியதை நமக்கு அனுப்பட்டும். அடுத்த ஒப்பந்த அறிவிப்பு கெஜட்டில் வருகிற அன்று இரண்டு பக்கத்து மனுவும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும்.